இசை வகுப்புக்கு நோட்டீஸ்: காட்டுகிற டிசைன்களில் எதை எடுப்பது?

பாளையங்கோட்டையில் டிடிபி, ஆஃப்செட் வேலை எடுத்துச் செய்கிற கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் வருஷத்தில் இரண்டு சமயம் பாட்டு டீச்சர்களும் கீபோர்டு மாஸ்டர்களும் தொடர்ந்து வருவார்கள். முழுப் பரீட்சை முடிகிற ஏப்ரலில் ஒரு கூட்டம், விஜயதசமிக்கு முந்தி ஒரு கூட்டம். வந்தவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணாச்சி, நாலு டிசைன் போட்டுக் காட்டுங்க. நல்லா இருக்கிறத எடுத்துக்கிடுதேன்."

நாலு டிசைன் போடுவது பெரிய காரியம் இல்லை. சிக்கல் அதற்கப்புறம்தான். திரையில் பார்த்து முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் கலர் எதில் அதிகமோ அதைத்தான் தொடுகிறார்கள். அந்த நோட்டீஸ் போய்ச் சேரப்போகிற இடம் வேறு. மகாராஜநகர் உழவர் சந்தையிலிருந்து ஒரு கையில் பை, மறுகையில் பிள்ளை என்று வெளியே வருகிற அம்மாவிடம் அதை நீட்டுவார்கள். பை கனக்கிறது, ஆட்டோ நிற்கிறது. அவள் அதை ஒரு தடவை பார்ப்பாள். அந்த ஒரு பார்வையில் "இது நம்ம பிள்ளைக்குத்தான்" என்று படுகிற டிசைனை எடுக்க வேண்டும். உங்களுக்கோ எனக்கோ பிடித்திருப்பது இரண்டாம்பட்சம்.

டிசைனுக்கு முன்னால் மேட்டர். எங்கள் தொழிலில் அச்சுக்கு வருகிற எழுத்து முழுவதற்கும் மேட்டர் என்றுதான் பெயர். அதை எழுத உட்காரும்போது, போன வருஷம் உங்களுக்குப் போன் செய்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை வயசிலிருந்து சேர்ப்பீங்க? எந்தத் தெரு? சனி, ஞாயிறு உண்டா? டியூஷன் முடிஞ்சு வந்தா நேரம் சரியா வருமா? கீபோர்டு இப்பவே வாங்கணுமா? பீஸ் எவ்வளவு? சொல்லிக் கொடுக்கிறது டீச்சரா, சாரா? இவைதான் மேட்டர். "இசை இறைவன் தந்த வரம்" என்று தொடங்குகிற நாலு வரியைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்ததை நான் பார்த்ததில்லை. அந்த நாலு வரியை எடுத்துவிட்டால் போன் நம்பரைப் பெரிதாகப் போட இடம் கிடைக்கும்.

ஒரு கீபோர்டு மாஸ்டருக்கு நாங்கள் கடைசியில் நிறுத்திய மேட்டர் ஏறக்குறைய இப்படி:

கீபோர்டு வகுப்பு
7 வயது முதல்
மகாராஜநகர், உழவர் சந்தை அருகில்
சனி, ஞாயிறு காலை
சொந்தக் கீபோர்டு இல்லாவிட்டாலும் சேரலாம்
முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை

அடியில் அவர் பெயர், நம்பர். அவ்வளவுதான். அவருக்கு முதலில் மனசே இல்லை. "மையத்தோட பேரு இவ்வளவு சின்னதா இருக்கே அண்ணாச்சி" என்றார். சரஸ்வதி, நாதம், ஸ்வரம், லயம் என்று தொடங்குகிற பெயர்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ இருக்கின்றன. புதிதாகப் பார்க்கிறவளுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. "கீபோர்டு", "7 வயது", "மகாராஜநகர்" மூன்றும் சொல்லும். ஆகவே காட்டுகிற டிசைனில் மையத்தின் பெயர் மேல் பாதியை அடைத்துக்கொண்டு, எந்தக் கருவி என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தால், அதை ஓரமாக வைத்துவிடலாம்.

இதற்கு விலக்கு உண்டு. கர்நாடக சங்கீதத்தில் சொல்லிக் கொடுக்கிறவர் யார், யாரிடம் கற்றவர் என்பது பெரிய விஷயம். இசைக் கல்லூரியிலோ மாவட்ட அரசு இசைப் பள்ளியிலோ படித்தவர், வானொலியில் பாடியவர், கச்சேரி செய்கிறவர் என்றால் பெயரும் அந்தத் தகுதியும் மேலே வரட்டும், ஒரு வரியில். பட்டங்களை வரிசையாக அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். மேற்கத்திய இசை என்றால் பெற்றோர் கேட்பது கிரேடு பரீட்சையைத்தான். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வுகளில் 'இனிஷியல்' முடித்து 1 முதல் 8 வரை கிரேடுகள். அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். அந்தக் கல்லூரியின் முத்திரையைக் கூகுளிலிருந்து எடுத்து மூலையில் ஒட்டச் சொல்லாதீர்கள். அனுமதி இல்லாமல் போட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

"30 நாளில் கீபோர்டு" என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. போட்டுக் கொடுப்பேன், என் தொழில் அது. ஆனால் கேட்டால் வேண்டாம் என்பேன். முப்பத்தோராம் நாள் அந்த அம்மா வாசலில் வந்து நிற்பாள். அதைவிட முதல் மூன்று மாதத்தில் பிள்ளை என்ன கற்றிருக்கும் என்று நேராகச் சொல்லலாம். வாய்ப்பாட்டு என்றால் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்கிற ஆரம்பப் பாடங்கள். கீபோர்டு என்றால் இரண்டு கையாலும் ஒரு எளிய பாட்டு. இப்படி எழுதுகிற ஆள் இதற்கு முன் பத்துப் பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்தவர் என்று படிக்கிறவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

பீஸ் போடலாமா, வேண்டாமா என்பது தீராத சண்டை. என் கட்சி, போடலாம். "குறைந்த கட்டணத்தில்" என்றால் யாருக்குக் குறைந்தது? தொகை இல்லாவிட்டால் பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டுப் போனே செய்ய மாட்டார்கள். மீதிப் பேர் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பாட்டு டீச்சர்கள் சிலருக்கு வித்தைக்கு விலை போடுகிற மாதிரி இருக்கிறது என்று சங்கடம். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

இனி படம். நான் கொஞ்சம் பிடிவாதக்காரனாகிற இடம் இதுதான்.

நோட்டீஸுக்கு வருகிற படங்களில் பாதி வலையில் இலவசமாகக் கிடைப்பவை. டிசைன் போடுகிற பையன், எழுத்துக்கு இடது பக்கம் இடம் வேண்டும் என்று படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிடுவான். வீணையைத் திருப்பினால் என்ன ஆகும்? வாசிக்கிறவருக்குக் குடம் என்கிற பெரிய உருண்டைப் பகுதி வலப்பக்கம், யாளி முகம் செதுக்கிய முனை இடப்பக்கம். எதிரே உட்கார்ந்து பார்க்கிற நமக்குக் குடம் இடப்பக்கமும் யாளி வலப்பக்கமும் தெரிய வேண்டும். திருப்பிய படத்தில் இது மாறி, வாசிக்கிறவர் இடதுகையால் மீட்டுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு வீணை டீச்சர் வேறெங்கோ அடித்த பழைய நோட்டீஸைக் கொண்டுவந்தார். அதில் இந்தக் கூத்துதான். அவரே கவனிக்கவில்லை, தெருவில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வீடு தேடி வந்து சொல்லியிருக்கிறார். இந்த வாத்தியார்களைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பேத்திக்குப் பீஸ் கட்டப்போகிறவர் பல வீடுகளில் அந்தத் தாத்தாதான்.

வீணை என்று சிதார் படத்தைப் போடுவது இதைவிட மோசம். வீணைக்கு மெழுகில் பதித்த 24 மெட்டு (தந்திக்குக் கீழே குறுக்கே இருக்கிற உலோகக் கம்பிகள்) உண்டு, மடியில் கிடத்தி வாசிப்பார்கள். சிதாரின் மெட்டுகள் வில்லாக வளைந்திருக்கும், சாய்த்துப் பிடிப்பார்கள். மிருதங்கம் என்றால் கருப்பு வட்டமாகக் கரணை இருக்கிற வலந்தலை வாசிப்பவரின் வலப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இடதுகைக்காரர்கள் விதிவிலக்கு. வயலின் படத்தில் ஒருவர் கோட்டுப் போட்டு நின்றுகொண்டு கழுத்தில் வைத்து வாசித்தால், அது கர்நாடக வயலின் வகுப்புக்கான படம் இல்லை. நம் ஆட்கள் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். வாய்ப்பாட்டு வகுப்பு நோட்டீஸில் மேற்கத்திய இசைக்குறிகள் பறந்துகொண்டிருப்பதும் இந்த ரகம்தான், ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவில் படம் கேட்டு வாங்கி வருகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. கீபோர்டில் கருப்புக் கட்டைகளை எண்ணிப் பாருங்கள்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி வர வேண்டும். நாலு கட்டை சேர்ந்தாற்போல் இருந்தால் படத்தைத் தூக்கிப் போடுங்கள். வீணையில் நாலு வாசிப்புத் தந்தி, பக்கவாட்டில் மூன்று தாளத் தந்தி, ஆக ஏழு. பிள்ளையின் விரல்களையும் எண்ணிவிடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. (கீபோர்டு படத்தைத் திருப்பினால் மட்டும் பெரிதாகத் தெரியாது. கட்டைகளின் வரிசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். கம்பெனிப் பெயர் இடம் வலமாகத் திரும்பி வந்து காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.)

எல்லாவற்றையும்விட நல்ல படம் உங்கள் வகுப்பறையிலேயே இருக்கிறது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது, கட்டைமேல் இருக்கிற பிள்ளையின் கைகளைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுங்கள். முகம் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், பெயர் வேண்டாம். எடுத்த படத்தை எங்களுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சும்மா போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கி, அச்சில் மங்கலாக வரும். சினிமா இசையமைப்பாளர் படம் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அவர் உங்கள் வகுப்புக்கு வரப்போவதில்லை, அவரிடம் நீங்கள் கேட்கவும் இல்லை.

எழுத்து விஷயத்தில் தமிழுக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் போட்டுக் காட்டிய மாதிரியில் தலைப்பு ஒரு வரியில் அடங்கியிருக்கும். அதே இடத்தில் "கர்நாடக இசைப் பயிற்சி வகுப்புகள்" என்று போட்டால் எழுத்து சுருங்கிப் பாதியாகிவிடும். அதனால் ஆங்கில மாதிரியைப் பார்த்து டிசைனைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் தமிழ் மேட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மிகத் தடித்த எழுத்தில் புள்ளி அடைத்துப் போகும். சிறிய அளவில் க் எது, க எது என்று தெரியாது. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் ழு, கூ கால்கள் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும். இரண்டு வகை எழுத்துக்கு மேல் ஒரு நோட்டீஸில் வேண்டாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் என்கிற எழுத்துருக்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சில் சுத்தமாக நிற்கின்றன. நிழல், பளபளப்பு, மஞ்சள் எழுத்துக்குக் கருப்பு விளிம்பு இதெல்லாம் தேர்தல் போஸ்டருக்கு. எல்லா வரியையும் பெரிதாக்கச் சொன்னால் பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போடுகிற மாதிரி ஆகிவிடும், எதுவும் காதில் விழாது.

இன்னும் பல கடைகளில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் போனில் அடித்து அனுப்புவது யூனிகோடு. அதை மாற்றிப் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஸ்ரீ, ஜ, ஷ காணாமல் போகும். எனவே நீங்கள் சரியாக எழுதிக் கொடுத்திருந்தாலும், அச்சுக்கு முன் சரிபார்க்கத் தருகிற ப்ரூஃபை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். "பயிர்ச்சி" என்று அடித்த நோட்டீஸைப் பார்க்கிற தாய், சொல்லிக் கொடுக்கிறவரைப் பற்றி என்ன நினைப்பாள்?

கலரைத் திரையில் பார்த்து மயங்காதீர்கள். திரையில் ஒளி, தாளில் மை. திரையில் மின்னுகிற பச்சையும் ஊதாவும் தாளில் செத்துப்போய் வரும். கரு ஊதாப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் கிட்டப் பிடித்தும் படிக்க முடியாது. நான் சொல்கிற சோதனை எளிது: காட்டுகிற டிசைன்களை எல்லாம் கருப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். நம்பரும் இடமும் எதில் தெளிவாக நிற்கிறதோ அதில்தான் கலரும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு அழுத்தமான கலர் வைத்த நோட்டீஸ் கடையில் எடுபடாது, கையில் எடுபடும்.

எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். ஒரே டிசைனை எல்லாவற்றுக்கும் இழுத்து நீட்டக் கூடாது. பேப்பருக்குள் வைத்துப் போடுகிற பிட் நோட்டீஸ் 1/8 டெம்மி அல்லது ஏ5 அளவு, 70 ஜிஎஸ்எம் கனத்தில் சாதாரண மேப்லித்தோ தாளே போதும். அதில் மேட்டர் 11 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. மளிகைக் கடை, பார்மசி, கிறிஸ்தவ ஆலய அறிவிப்புப் பலகை இங்கெல்லாம் கேட்டு ஒட்டுவதற்கு ஏ4, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். எங்கள் ஊரில் கீபோர்டும் கிட்டாரும் கற்க வருகிற பிள்ளைகளில் பலர் ஆலயப் பாடகர் குழுவை நினைத்துத்தான் வருகிறார்கள். ஆகவே ஆயர் அனுமதித்தால் அந்தப் பலகை பேப்பர் நோட்டீஸைவிட மேல். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080 x 1920 அளவில் நெடுக்காகத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மேலே உங்கள் பெயரும் கீழே பதில் எழுதுகிற பட்டையும் மறைக்கும் என்பதால், முக்கியமான எல்லாம் நடுவில் இருக்கட்டும்.

ஃபிளெக்ஸ் போடுகிறவர்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் போடுங்கள். எழுத்து உயரத்துக்குப் பொதுவான கணக்கு, 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குலம். 30 அடி அகலத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிய வேண்டும் என்றால் குறைந்தது 3 அங்குல எழுத்து. அந்த அளவில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் பிடிக்காது: "வீணை, வாய்ப்பாட்டு வகுப்பு" என்பதும் நம்பரும் போதும். சாலையோரம் அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்தவர் சுவரில் ஒட்டுவதும் எழுதுவதும் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படியே தவறு.

கியூஆர் கோடு வேண்டும் என்றால் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றி வெள்ளை இடம் விட்டு. வீணை படத்தின்மேல் வைத்தால் ஸ்கேன் ஆகாது. சில இலவசத் தளங்கள் செய்து தருகிற கோடு கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போய், பணம் கட்டச் சொல்லும். அச்சடித்த நோட்டீஸை என்ன செய்ய முடியும்? நேராக உங்கள் வாட்ஸ்அப் திறக்கிற நிலையான கோடாகக் கேளுங்கள். கோடு இருக்கிறதே என்று நம்பரைச் சிறிதாக்க வேண்டாம். பாட்டிகள் நம்பரைத்தான் அழுத்துவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு டிசைன் மிஞ்சினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்காதீர்கள். எல்லாரும் "சூப்பர்" என்பார்கள். இசைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், காய்கறிக்காரம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ, தாளாக அடித்துக் கையில் கொடுங்கள். ஐந்து எண்ணுகிற நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு கேளுங்கள்: "இது என்னக்கா? எங்க? எத்தனை வயசுப் பிள்ளைக்கு?" மூன்றில் குறைந்தது இரண்டுக்காவது சரியான பதில் வர வேண்டும். "அழகா இருக்குப்பா, சரஸ்வதி படம்" என்று மட்டும் சொன்னால் அந்த டிசைன் தேறவில்லை.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. ஆஃப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் ஆயிரத்துக்குக் குறைவாக அடிப்பது கட்டாது. அதனால் முதலில் டிஜிட்டல் பிரிண்டில் இரண்டு டிசைனிலும் நூறு நூறு போட்டு, ஒன்றின் மூலையில் சின்னதாக அ, மற்றதில் ஆ என்று வைத்துவிடுங்கள். ஒரே தெருவில் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்றைப் பெருமாள்புரத்திலும் மற்றதைச் சமாதானபுரத்திலும் கொடுத்தால் வித்தியாசம் டிசைனாலா, ஏரியாவாலா என்று தெரியாது. போன் வரும்போது மூலையில் என்ன எழுத்து என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன் எண்ணிக்கையைவிட முதல் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகளை எண்ணுங்கள். அதில் ஜெயித்ததை ஆயிரமாக அடிக்கலாம். விஜயதசமிக்கு என்றால் இரண்டு வாரம் முன்னாலாவது வீடுகளில் போய் விழுந்திருக்க வேண்டும். பூஜைக்கு முந்தின நாள் என் கடைக்கு வந்து நின்றால் நானும் மிஷினும் ஒன்றும் செய்ய முடியாது.

ப்ரூஃபில் கையெழுத்துப் போடுமுன் நோட்டீஸைப் பார்த்து அதிலிருக்கிற நம்பருக்கு டயல் செய்யுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த நம்பரைக் கண் சரிபார்க்காது. ஒரு எண் மாறியிருந்தாலும் தாண்டிப் போய்விடும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டுமின்றித் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில கடையில் கொடுக்க மாட்டார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். அடுத்த ஏப்ரலில் தேதியையும் நேரத்தையும் மாற்றினால் போதும், டிசைன் சார்ஜ் மிச்சம்.